சிடுமூஞ்சியின் வால்

1

இந்தக் கதை டப்பாவில் ஒட்டும் ஒரு காகிதத்துக்காகப் பிறந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், ஒரு மதியம் போன் செய்து, "நீதான் எழுதுறவளாச்சே, நாலு வரி எழுதிக் குடேன்" என்றார். எழுதுகிறவள் என்றால் எல்லாருக்கும் இப்படி ஒரு நினைப்பு. தையல்காரியைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, அறுந்த பட்டனை நீட்டுகிற மாதிரி.

அக்காவும் அத்தானும் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் லாயம் ஒன்றை நடத்துகிறார்கள். பின்பக்கம் ஒரு குட்டை. குட்டை இருந்தால் பூச்சி இருக்கும். குதிரையைக் கடிக்கும் ஈ நம் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரும் சாது ஈ இல்லை. தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கிற ரகம். மேலே மருந்து அடித்தால் தோல் புண்ணாகிறது என்று அத்தான் இயற்கைக்கு மாறினார். பூண்டு, ஆளிவிதை, ஈஸ்ட். காயவைத்து அரைத்து ஒரு பொடி. தீவனத்தில் கலந்து கொடுத்தால் குதிரையின் வியர்வையே நாறும், பூச்சி கிட்ட வராது என்பது அவர் கட்சி. (மனுஷங்களும் வர மாட்டாங்க என்பது அக்காவின் கட்சி.)

அந்தப் பொடி டப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி இது: "சில வாரங்களில் உங்கள் குதிரை வாலை ஆட்டுவதையே மறந்துவிடும்."

அத்தானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இந்த வரியை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் லாயத்துக் கூரையின் மேல் பொன்னை உருக்கி—"

சே. கூரை தகரம். அதில் துருதான் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "நான் ஒரு குதிரை. எனக்கும் ஒரு மனம்—"

மாட்டேன். குதிரை பேசும் கதை எழுதுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். இந்தக் கதையின் குதிரை பேசியிருந்தால் கதைக்கே வேலை இருந்திருக்காது என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் தொடக்கம்: "சிடுமூஞ்சிக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடங்கும்." இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

சிடுமூஞ்சி லாயத்தின் மூத்த பெண் குதிரை. அக்கா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவள், ஆகவே அத்தானைவிட ஒரு படி மேல் பதவி. சேணம் கட்டப் போனால் வயிற்றை உப்பிக்கொள்வாள். பிடிக்காதவர் முதுகில் ஏறினால் நட்ட கல் மாதிரி நின்றுவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வால். ஈ உட்கார்ந்தால் ஒரு வீச்சு, யாராவது பின்னால் நின்றால் அவர் கன்னத்துக்கும் ஒரு வீச்சு. நானும் வாங்கியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "ஏன் அங்க நின்ன?" என்றாள். தங்கச்சிக்கு அவ்வளவுதான் மரியாதை.

3

இனி வருவதை எழுதினால் நம்ப மாட்டீர்கள். பாத்திரப் படைப்பு சரியில்லை என்பீர்கள். நான் என்ன செய்ய? இந்தப் பாத்திரங்களை நான் படைக்கவில்லை, அக்கா கட்டிக்கொண்டாள்.

அக்காவும் அத்தானும் சண்டை போட்டால் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் லாயம் நடக்க வேண்டுமே? அதனால் இரண்டு பேரும் சிடுமூஞ்சியிடம் பேசுவார்கள்.

"வைக்கோல் வண்டி நாளைக்குத்தான் வருமாம்னு சொல்லு அவர்கிட்ட."

"எனக்குக் காது நல்லாவே கேட்குதுன்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

இவள் நடுவில் நின்று தவிட்டை மென்றுகொண்டிருப்பாள். இதை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"எங்களை ஏன்டி லூசுங்க மாதிரி எழுதியிருக்கே?"

"நீங்க இப்படித்தானே பண்றீங்க?"

"பண்றோம். அதுக்காக எழுதணுமா?"

(இந்தக் கேள்விக்கு இலக்கிய உலகத்தில் யாரிடமாவது பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.)

இந்த முறை சண்டையே பொடியைப் பற்றித்தான். "குதிரைக்குத் தீனி போடுறோமா, ஊறுகாய் போடுறோமா?" என்று அக்கா கேட்டுவிட்டாள். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேச்சு நின்றது. அவர் தினமும் காலையில் ஒரு கரண்டி பொடியைத் தவிட்டில் கலந்துவிட்டு, "போட்டாச்சுன்னு சொல்லிடு" என்று சிடுமூஞ்சியிடம் சொல்வார். அந்த நேரத்தில் அக்கா வெளி மைதானத்தில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எப்படிக் கேட்கும்?

இதற்கிடையில் சிடுமூஞ்சி கடி தாங்காமல் கழுத்தைத் தூணில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பொடியையும் போட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. ஆனால் அதை அத்தானிடம் போய்ச் சொல்வதா? சிடுமூஞ்சியிடம் சொன்னாள்: "சரி, அந்தக் கண்றாவியை இனிமே சாயங்காலம் நானே போடறேன். அவரைப் போட வேண்டாம்னு சொல்லு." தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம். அத்தான் வாளி நிரப்புகிறார், காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் அங்கே இல்லை. வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்.

ஆக, காலையில் அவர், சாயங்காலம் இவள். பலன் தெரியவில்லையே என்று அவர் கரண்டியைக் குவித்தார். இவளும் குவித்தாள். மொத்த விவரமும் தெரிந்த ஒரே ஆள் சிடுமூஞ்சி. இரண்டு பேரும் அவளிடம் ஒழுங்காகச் சொல்லியிருந்தார்கள்.

4

பிறகு ஒருநாள் அத்தான் கூப்பிட்டார். குரலில் பாயசம். "உடனே வா. நீ எழுதினது அப்படியே நடந்துடுச்சு."

போனேன். சிடுமூஞ்சி தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வால் ஆடவே இல்லை. காது மடங்கவில்லை. நான் வேண்டுமென்றே அவள் பின்னால் போய் நின்றேன், ஒன்றும் விழவில்லை. அத்தான் டப்பாவை அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "படம் எடு, படம் எடு" என்றார். அக்காவும் சிரித்த முகமாக நின்றாள். "எவ்வளவு சமத்தா ஆயிட்டா பாரு" என்றாள், என்னிடம்தான்.

* இங்கே ஒரு குறிப்பு. சிடுமூஞ்சியை யாராவது சமத்து என்று சொன்னால் அங்கேயே கதையை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கதாசிரியை கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

திரையில்தான் பார்த்தேன். அவள் தோள்பட்டையில் ஒரு கரும்புள்ளி. பெரிதாக்கினேன்.

"அத்தான், ஈ உட்கார்ந்திருக்கு."

"அது சும்மா பழக்கத்துல உட்காருது. கடிக்காது."

"அத்தான், அது ரத்தம் குடிக்குது."

அவர் குனிந்தார். அக்காவும் குனிந்தாள். வயிற்றில், தொடையில், கண் ஓரத்தில், எல்லா இடத்திலும் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. இத்தனை நாளும் இவர்கள் வாலைத்தான் பார்த்திருக்கிறார்கள், ஈயைப் பார்க்கவே இல்லை. அக்கா தன் துப்பட்டாவை உருவி அடிக்க ஆரம்பித்தாள். சிடுமூஞ்சி தலையைக்கூடத் திருப்பவில்லை.

5

கால்நடை டாக்டர் வந்தார். பொறுமை குறைந்த பெண்மணி, எனக்குப் பிடித்துவிட்டது. சிடுமூஞ்சியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"தீனியில என்ன போடறீங்க?"

அத்தான் சிடுமூஞ்சியைப் பார்த்து, "காலையில ஒரு கரண்டி பூண்டுப் பொடி, அவ்வளவுதான்னு சொல்லு" என்றார்.

"குதிரைகிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் இங்க நிக்கிறேன்!"

அக்காவின் முகம் மாறியது. "காலையிலயா?" என்றாள். அதையும் சிடுமூஞ்சியிடம்தான் கேட்டாள். "நான் சாயங்காலம் போடறேனே. கரண்டி நிறைய போடறேனே."

(இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். "காலம் உறைந்து—" அடித்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் கேட்டது.)

"குதிரைக்குப் பூண்டு அளவுக்கு மேல போனா ரத்த அணு உடைஞ்சு போயிடும்" என்றார் டாக்டர். "இவ வாலை ஆட்டாதது ஈ இல்லாததால இல்லம்மா. ஆட்டறதுக்குத் தெம்பு இல்ல. இயற்கைன்னா எவ்வளவு வேணாலும் கொட்டலாம்னு யார் சொன்னது?"

டப்பாவில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எவ்வளவு கொட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. நாலு வரி கேட்டார், நாலு வரி கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"பிழைச்சுக்குவாளா?" என்று அக்கா கேட்டாள்.

"பொடியை நிறுத்துங்க. வலைப் போர்வை போடுங்க. குட்டைப் பக்கம் விடாதீங்க. ரத்தம் ஊறினா பிழைப்பா." டாக்டர் பையை மூடினார். "எல்லா ஈயையும் நீங்களே விரட்டிட்டு இருக்காதீங்க. அப்பப்போ போர்வையை எடுத்துட்டு ஒண்ணை உட்கார விட்டுப் பாருங்க. அவளா வாலை வீசினா எனக்கு போன் பண்ணுங்க."

6

முடிவுகள்.

அத்தானின் முடிவு: சிடுமூஞ்சி தேறி ஓடுகிறாள், பூண்டில்லாத புதுப் பொடி வருகிறது, அதற்கும் நான் நாலு வரி எழுதுகிறேன். இதைச் சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அவரை முழுதாகத் திட்டக்கூட என்னால் முடியவில்லை.

அக்காவின் முடிவு: "அவளைக் கொன்னுடாதடி." அவ்வளவுதான் சொன்னாள். என் கையில் என்னவோ இருக்கிற மாதிரி.

என்னுடைய முடிவு: அன்று சாயங்காலம் அத்தான் நேராக அக்காவைப் பார்த்து, "தண்ணி குடிச்சாளா?" என்று கேட்டார். "ரெண்டு வாய் குடிச்சா" என்று அக்கா நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். இது உண்மையாகவே நடந்தது. கணவனும் மனைவியும் பேசிவிட்டார்கள், இங்கேயே முற்றுப்புள்ளி வைக்கலாம். ஆனால் வைக்க எனக்குக் கடுப்பாக இருக்கிறது. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு அவள் ரத்தம் போக வேண்டியிருந்ததா? இந்த முடிவை நான் எழுத மாட்டேன்.

7

இப்போது மூன்று பேரும் சிடுமூஞ்சியின் பக்கத்தில் நிற்கிறோம். வலைப் போர்வையை எடுத்தாகிவிட்டது. நான் மட்டும் கொஞ்சம் பின்னால், எப்போதும் அடி வாங்குகிற இடத்தில்.

ஒரு ஈ வருகிறது. ஒருமுறை சுற்றுகிறது. அவள் தொடையில் உட்காருகிறது.

அக்காவின் கை தானாக எழுகிறது. அத்தான் அதைப் பிடித்துக்கொள்கிறார். "இரு" என்கிறார். "என்னால பார்க்க முடியலங்க" என்கிறாள் அக்கா. "எனக்கும்தான். இரு."

ஈயை விரட்டுவதற்கென்று எழுத வந்தவள் நான். இப்போது வாய்க்குள்ளேயே, கடி, இன்னும் கொஞ்சம் பலமாகக் கடி என்று அந்தச் சனியனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வரியை நான் எழுத மாட்டேன். வாலைப் பற்றி ஏற்கெனவே ஒரு வரி எழுதினேன், அது பலித்துவிட்டது. இன்னொன்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. இனி உங்கள் பாடு. இப்படி வந்து, என் பக்கத்தில், அவள் பின்னால் நில்லுங்கள். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள்.

ஈயை மட்டும் விரட்டிவிடாதீர்கள்.