மூன்று மாதக் குழாய்கள்

சவப்பெட்டிக்குள் குனிந்த டாக்டர் வைட்மன் ஆர்னியின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற லோரைனுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"அந்தச் சின்ன நோட்டையும் உள்ள வச்சுட்டீங்களா?"

"பேனாவும் நோட்டும் இல்லாம அவர் வீட்டவிட்டுக் கிளம்பினதே இல்லையே டாக்டர்."

பத்தொன்பது வருஷம் அவள் புருஷனை வேலை வாங்கிய மனிதர். விடிந்ததும் பிரசவ வார்டுக்குப் போய், தொப்புள்கொடி ரத்தத்தை டுலூத் நகரத்துக் குளிரில் ஆய்வகத்துக்குச் சுமந்து வந்தது ஆர்னி. அதிலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு நொதி எவ்வளவு சுரக்கிறது, பெரியவர்களின் ரத்தத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டு எழுதிப் பேர் வாங்கியது வைட்மன். துக்கத்துக்கு வந்த இடத்தில் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"மூணு மாசம் சேர்த்த ரத்தம் குழாய் குழாயா ஃப்ரீசர்ல கிடக்கு லோரைன். எல்லாத்துலயும் வெறும் நம்பர்தான். எது குழந்தையோடது, எது பெரியவங்களோடதுன்னு இந்த நோட்டுலதான் இருக்கு. பதிவேட்டுல ஏத்துறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. இது இல்லன்னா அத்தனையும் குப்பை."

நெஞ்சுவலியோடு ஆர்னி சுமந்து வந்த ரத்தம் அது. அதைக் குப்பைக்குப் போகவிட லோரைனுக்கு மனசில்லை.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

வைட்மன் கோட்டிலிருந்து ஒரு ஜோடி நீல ரப்பர் கையுறைகளை எடுத்து மாட்டினார். வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கென்று வைத்திருந்த பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அதக் கழட்டுங்க."

"பழக்கம், வேற ஒண்ணுமில்ல லோரைன்."

"அவர்கூட ஒரே மேசைல உக்காந்து தின்னவர்தானே நீங்க. வெறும் கையால எடுங்க, இல்லன்னா விடுங்க."

அவர் கழற்றினார். கை ஆர்னியின் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை மேலே போய் நின்றது. மூக்கைச் சுளித்தார். எடுத்துவிட வேண்டுமே என்று லோரைன் நிஜமாகவே காத்திருந்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

"நீங்களே எடுத்துத் தாங்களேன்."

பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் லோரைன் தலையசைத்தாள்.

நோட்டோடு பெட்டி மூடியது. எதையுமே தொடாத அந்தக் கையை வைட்மன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.