உள்ளே துணி விடாமல் தைத்த கோட்டு

என் நாத்தனார் எனக்குப் பழைய துணி கொடுப்பாள். கொடுப்பதோடு விட்டால் பரவாயில்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்காட்டுவாள். அவளுக்கு நல்ல உடம்பு, நான் குச்சி. அவள் சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். அதனால் எதைக் கொடுத்தாலும் வீட்டு மிஷினில் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துத்தான் போட்டுக்கொள்வேன். மிச்சத்தை வெட்ட மாட்டேன், உள்ளேயே விட்டுவிடுவேன். ஏனென்றால் தைத்த பிறகு நன்றாக இருந்தால் திருப்பிக் கேட்பாள். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டு தையலைப் பிரித்துக் கொடுத்தேன். வெட்கக்கேடு!

இந்தத் தடவை வந்தது ஒரு கறுப்புக் கோட்டு. பத்து வருஷமாக வீட்டில் கிடந்த எனக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. போட்டுப்போக உருப்படியாக வேறு எதுவும் இல்லை. கோட்டை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசி குத்தினேன். இரண்டு பக்கமும் நாலு விரல் பிடித்துத் தைத்தேன். உள்ளே விட்ட துணி திரண்டு, இடுப்பு உப்பிக்கொண்டு நின்றது. இப்படியே போய் நின்றால் அங்கே யார் என்னை மதிப்பார்கள்? கத்தரிக்கோலை எடுத்தேன். திருப்பிக் கேட்டால் கேட்கட்டும் என்று வெட்டினேன்.

நேர்காணல் அன்று காலை கோட்டும் கையுமாகக் கிளம்புகிறேன், வாசலில் நாத்தனார். கையிலிருந்த கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“அட, இது என் கோட்டா? இவ்ளோ எடுப்பா இருக்கே! தெரியாம குடுத்துட்டேன் போல. குடு, நாளைக்கு நான் ஒரு விசேஷத்துக்குப் போகணும்.”

“இன்னிக்கு எனக்கு இன்டர்வியூ, அண்ணி.”

“ஆமா, உனக்கு வேலை குடுக்கத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க! பிரிச்சுக் குடு. உள்ள துணி விட்டுத்தானே தச்சிருப்ப?”

“குடுத்துடேன், அக்காகிட்ட எதுக்கு வம்பு?” என்றார் என் கணவர். அக்கா முன்னால் அந்த மனுஷனுக்கு வாயே திறக்காது. எனக்குப் புத்தி சொல்ல மட்டும் திறக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷினுக்கு அடியில் கிடந்த பையை எடுத்து அவள் கையில் திணித்தேன். உள்ளே வெட்டிய கறுப்புத் துண்டுகள்.

“இந்தாங்க. உங்க கோட்டுல எனக்கு வேண்டாதது எல்லாம் இதுல இருக்கு. மிச்சம் என்னுது.”

“வெட்டிட்டியா?” என்றாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“வெட்டிட்டேன். இனிமே இது உங்களுக்கு ஏறாது.”

கோட்டைப் போட்டுப் பட்டனை மாட்டினேன். இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. இருவரையும் தாண்டிக்கொண்டு படியிறங்கினேன். கதவை அவர்களே சாத்திக்கொள்ளட்டும்.