பென்சிலுக்கு அடியில் ஒரு முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். வேலூர் பரந்தாமன் ஸ்டூடியோவில் மட்டும் முகத்தின் அழகு அம்சவேணியின் பென்சில் முனையில் இருந்தது. புருஷன் பரந்தாமன் படம் எடுத்து, கழுவி, கறுப்பு வெளுப்பு மாறிப் பதிந்த கண்ணாடி பிளேட்டைக் கொண்டுவந்து கொடுப்பான். அவள் அதை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஊசியாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். அந்த வேலைக்கு டச்சிங் என்று பெயர். பிளேட்டில் அவள் பென்சில் பட்ட இடம் காகிதத்தில் வழவழவென்று வெளுத்து வரும். ஊரில் பாதிப் பேருக்கு அம்மை வார்த்த முகம். படத்தில் ஒருவருக்கும் ஒரு புள்ளி இருக்காது. கணியம்பாடியிலிருந்தும் திமிரியிலிருந்தும் கல்யாணத்துக்குப் பெண்ணைப் படம் எடுக்க இங்கேதான் வருவார்கள். பெண்ணை நேரில் பார்த்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்ற சேதி மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்ததே இல்லை.

தன் கைக்கு மிஞ்சிய கை இந்த ஜில்லாவில் கிடையாது என்று அம்சவேணிக்கு நினைப்பு உண்டு. முப்பத்தாறாம் வருஷம் பங்குனியில் மெட்ராஸ் பத்திரிகை ஒன்று அந்த நினைப்பைக் கெடுத்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்கள் நான்கு பேரின் முகங்கள், பக்கத்துக்கு ஒன்றாக. கீழே பொடி எழுத்தில் ‘படம்: கோதண்டராமன்’ என்று இருந்தது.

நான்காவது முகம் ஒரு பெண். தோல் பதனிட மரப்பட்டை இடிக்கிறவளாம். முகமெல்லாம் தழும்பு. இந்த மனிதர் அவளைச் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல். பரந்தாமன் முன்வெளிச்சம் விட்டு மறைக்கப் பார்க்கும் அத்தனையையும் இவர் வா, வந்து உட்கார் என்று மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார். படத்தில் அவள் நேராகப் பார்த்தாள். அம்சவேணியால் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படியும் ஒருவர் படம் எடுக்க முடியுமா என்று கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

லென்ஸை மாட்டிப் பார்த்தாள். நான்கு முகங்களும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. “இன்னாங்க இது, நாலு பேருக்கும் அம்மை வாத்திருக்குது” என்றாள். பரந்தாமன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “அச்சுப் புள்ளிடி அது. பேப்பர்ல எல்லாப் படமும் அப்டித்தான் இருக்கும்.” தழும்பு அழிக்கிறவளுக்குக் கண்டதெல்லாம் தழும்பு. லென்ஸைக் கழற்றினால் அச்சுப் புள்ளி மறைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தழும்பு மட்டும் அப்படியே நின்றது.

கை சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் மெல்லிய தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, அந்த அச்சுப் படத்திலேயே குழிகளை அடைத்துப் பார்த்தாள். அருமையான வேலைதான். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தால் பூசணிக்காய்க்குக் கண் எழுதியதுபோல் இருந்தது. நேற்று இருந்தவள் போய்விட்டாள்.

அவளை எங்கே தொலைத்தோம் என்று அம்சவேணி யோசித்துக்கொண்டிருந்தபோது, அதே முகம் வாசலில் வந்து நின்றது.

“இன்னா வேணும்?” என்றான் பரந்தாமன்.

“உள்ள வாங்க” என்றாள் அம்சவேணி. தோல் ஷாப்பு ஆளுக்கு இத்தனை மரியாதையா என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

வந்தவள் பெயர் சவுரியம்மாள். இடுப்பில் செருகியிருந்த துணியைப் பிரித்து, ஸ்டூடியோ முத்திரை போட்ட ஒரு படத்தை எடுத்தாள். “எம்பொண்ணு அருளாயிம்மா. கோலார் மாப்ள போட்டோ கேட்டாருன்னு போன வருசம் இங்கதான் எடுத்தோம். கோயில்ல கல்யாண ஓலை வாசிச்ச வாரமே வாந்திபேதியில போய்ட்டா.” அம்சவேணிக்குப் படம் ஞாபகம் வந்தது. அவள் கை வேலைகளில் அதுதான் முதல் தரம். “மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மூஞ்சியா இருக்குது. எனக்கும் அவளுக்கும் ஒரே பாயில அம்மை வாத்துச்சும்மா. பேப்பர்காரரு என்னை இருக்கற மாரியே எடுத்தாரு. அவளையும் அப்டிப் பண்ணித் தர முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

சொல்லிக்கொண்டே மேஜைப் பக்கம் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். வெள்ளை பூசிய அவள் முகம் அங்கே கிடந்தது.

“என்னையும் பண்ட்டீங்களாம்மா?”

அம்சவேணிக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. பழைய பிளேட்டுப் பெட்டிகளை இழுத்தாள். கண்ணாடி மறுபடி உதவும் என்று படத்தைச் சுரண்டி எடுக்க ஒதுக்கிய பெட்டியில், அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தாள் அருளாயி.

“டர்பன்டைன் போட்டுத் தொடச்சா பென்சில் வந்துடும்” என்றாள் அம்சவேணி.

“வரும். கை கொஞ்சம் அழுந்திச்சுன்னா படமே உரிஞ்சு வந்துடும். அப்புறம் இந்த மூஞ்சிகூட இருக்காது” என்றான் பரந்தாமன்.

அம்சவேணி சவுரியம்மாளைப் பார்த்தாள்.

“போனாப் போவுதும்மா. இப்ப மட்டும் இன்னா இருக்குது.”

பஞ்சை நனைத்து, பால் குடிக்கும் குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் துடைத்தாள். நெற்றி வந்தது. கன்னம் வந்தது. வாயோரத்துக்கு வந்தபோது கை நின்றது. அங்கே குழி இருந்ததில்லை, ஒரு கோடு இருந்தது. ‘சிரிச்சா மாப்ள வூட்ல வாயாடின்னு நெனைப்பாங்க, அடைச்சிடு’ என்று பரந்தாமன் சொல்லி, அவள் அடைத்திருந்தாள். அதையும் துடைத்தாள்.

பிளேட்டை, வெயில் பட்டால் படம் ஏறும் காகிதத்தோடு சட்டத்தில் பூட்டி வாசலில் வைத்தார்கள். வேலூர் வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது. அன்றைக்கு மூன்று பேரும் அதன் முன்னால் கைகட்டி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்சவேணி சட்டத்தை உள்ளே நிழலுக்குக் கொண்டுவந்து திறந்தாள்.

காகிதத்தில் செம்பழுப்பாக ஒரு பெண் வந்திருந்தாள். மூக்கோரம் ஒன்று, இடது கண்ணுக்குக் கீழே மூன்று, கன்னம் கொள்ளாமல் மீதி. அம்சவேணி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரு வருஷமாக இவள் தன் பென்சிலுக்கு அடியில் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். பழைய படத்தில் வெட்கத்தால் கண் ஒதுங்கியதுபோல் இருந்த பார்வை, வாயோரக் கோட்டோடு சேர்ந்ததும் வேறாகிவிட்டது. அவள் கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சவுரியம்மாள் படத்தை ஓரத்தில் பிடித்து வாங்கிக் குனிந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “நான் போட்டோ பொட்டிக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். இவரு கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டாரு. ‘பாருடி, மாடு தொட்டியில தலைய வுட்ட மாரி’ன்னேன். அதுக்குத்தான் சிரிக்கிறா.” விரலை மகளின் முகத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் வைத்துக்கொண்டாள். “என்னைத்தாம்மா பாக்கறா.”

பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளிச்சம் பட்டால் படம் கறுத்துவிடும், மருந்தில் போட்டுக் கழுவ வேண்டும் என்று அம்சவேணி கையை நீட்டினாள். சவுரியம்மாள் உடனே கொடுக்கவில்லை.

“கழுவறப்ப எதையும் எடுத்துடாதீங்கம்மா.”

“எடுக்க மாட்டேன்” என்றாள் அம்சவேணி. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, படத்தை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.