திரையில் எல்லாம் சரி

“அப்பா, யாராவது கீழ விழுந்தா இந்தக் கேமரா தூக்கி விடுமா?”

மகள் சின்ன வயதில் கேட்ட கேள்வி. அப்போது அவர் ஒரு மளிகைக்கடையில் ஏணிமேல் நின்று தமது முதல் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த ஏணிக்காரர் முதலாளியானார். ஒரு கடை ஒரு தெருவாகி, தெரு பல ஊர்களாகி, சுவர் முழுக்கத் திரைகளோடு சொந்தக் கட்டடமும் எழுந்தது. மேடைகளில் மகளின் கேள்வியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். பதில் மட்டும் சொன்னதில்லை.

பெற்றோரைத் தனியே விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளர்கள். பெரியவர்கள் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தாலே கேமரா பிள்ளைகளின் கைபேசியில் மணியடித்துத் தொலைத்தது.

“எங்கம்மா தூங்கறதுக்கெல்லாம் நான் ஆபீஸ்ல இருந்து ஓடி வரணுமா சார்?” என்று ஒருவர் சத்தம் போட்டார்.

முதலாளி யோசிக்கவே இல்லை. “ஒரே இடத்துல அசையாம இருந்தா மணி வேண்டாம். பச்சை விளக்கு எரியட்டும்” என்று தம் ஆட்களிடம் சொன்னார். புகார்கள் நின்றன. கம்பெனி இன்னும் வளர்ந்தது.

அவருடைய அப்பாவும் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அறைக்கொரு கேமரா, வாசலிலும் ஒன்று. அது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கதவையும் சேர்த்தே பார்த்தது.

“தம்பி, அளவு குடுக்க வர்ற பொண்ணுங்க கூச்சப்படுறாங்க. கொஞ்சம் திருப்பி வைங்களேன்.”

“உங்க பாதுகாப்புக்கும்தான்க்கா” என்றவர், அதோடு அதை மறந்துவிட்டார்.

ஒரு நாள் காலை அப்பா சமையலறையில் சரிந்து விழுந்தார். எழ முடியவில்லை. மகன் அலுவலகத்தில் கைபேசியைப் பார்த்தார். பச்சை விளக்கு. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

காலையில் அந்த வீட்டு வானொலி ஊரையே கூட்டும். அன்று சத்தமே இல்லை. தையல்காரம்மாவுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. பெரியவர் கொடுத்து வைத்திருந்த மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மருத்துவமனைக் கட்டிலில் அப்பா மகனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “வாடா பெரிய முதலாளி. படத்துல நல்லா விழுந்தேனா?”

மகன் வரும் வழியிலேயே பதிவைப் பார்த்திருந்தார். அப்பா தரையில் கிடக்கிறார்; உதடுகள் மட்டும் ஏதோ சொல்கின்றன. படம் துல்லியமாக இருக்கிறதே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அதன்பின் வேறெதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை.

“உங்க கேமரா கண்ணு கொட்டாம பாத்துச்சு தம்பி” என்றார் தையல்காரம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. “தூக்கத்தான் ஆள் இல்ல.”

மகளின் கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது. கடவுள் நமக்குக் கண்களை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை; கைகளையும் கொடுத்திருக்கிறார். பெற்றவர்களைக் கண்ணாடித் திரைக்குள் வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. பக்கத்தில் இருக்க வேண்டும். முடியாத நாளில் குரலையாவது கேட்க வேண்டும்.

பச்சை விளக்கு உத்தரவை மறுநாளே ரத்து செய்தார். அப்பா வீடு திரும்பியதும் துணிப்பையோடு தாமும் அங்கேயே வந்து தங்கினார்.

ஒரு மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தைத்த துணிகளைக் கொடுக்கத் தையல்காரம்மா வெளியே போயிருந்தார். முதலாளி ஏணியைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்தார். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். மெல்ல ஏறி, திருகாணியைத் தளர்த்தி, எதிர்க்கதவு தெரியாதபடி கேமராவைத் திருப்பினார். கீழே இறங்கி, அந்தக் கதவு வரை சிதறிக் கிடந்த சுண்ணாம்புத் தூளைக் கையாலேயே கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.