வெள்ளைக் கையுறை

"அடுத்தது," என்றார் லயனல்.

ஹெஸ்டர் மைக்கூட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கடிதம் பிரிக்கும் கத்தியை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எழுபது வருடத்துக்கு முன்பு இதே பர்மிங்ஹாமில் யாரோ ஒருவர் சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்த வெள்ளிக் கத்தி. தட்டிய தடம் ஒவ்வொன்றும் பிடியில் தெரிந்தது. சாகும் கட்டிலை இந்த அறையிலேயே போடச் சொன்னவர் லயனல்தான். காலையிலிருந்து தான் சேர்த்த மேசைச் சாமான்கள் ஒவ்வொன்றிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். மனைவி ஹெஸ்டரின் முறை இன்னும் வரவில்லை.

கையால் செய்தவை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அவற்றைக் கையால் தொடத்தான் யாருக்கும் அனுமதியில்லை. விரல் பட்டால் வெள்ளியில் தடம் விழுமாம், வெளிக்காற்று பட்டால் கறுக்குமாம். இருபத்திரண்டு வருடமாக ஹெஸ்டர் பருத்திக் கையுறையோடுதான் இங்கே நுழைகிறாள். ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி, பட்டைமேல் பெயின்ட் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்ப் பூங்காவில் பாண்டு வாசிப்பவர்களின் கன்னம் உப்புவது தெரியும். பாட்டு கேட்காது.

"நான் போனப்புறமும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. சரின்னு சொல்லு."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"சொல்லு, ஹெஸ்டர்."

அவள் ஈரப் பஞ்சை அவர் உதட்டில் வைத்தாள்.

சற்று நேரத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவர் கை போர்வைமேல் எதையோ தேடியது. கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். இறுகப் பற்றிக்கொண்டார். தனக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் கட்டைவிரல் அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது.

"போட்டிருக்க... நல்லது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை.

கீழே தேநீர் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பெகி வந்து நாடி பார்த்தாள், கண்களை மூடிவிட்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா. ஜன்னலைத் தெற. ஆவி போக வழி வேணாமா?"

"அது தெறக்காது."

"தெறக்காதா? மத்தி மீன் டப்பாகூடத் தெறக்குமே! இதுக்குள்ளயா குடித்தனம் பண்ணீங்க?" சொன்ன பிறகுதான் பெகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காத. சூடு ஆறதுக்குள்ள அவர் கையப் பிடிச்சுக்க. மொதல்ல அந்தக் கையுறையக் கழட்டு."

கழற்றினாள். விரல்கள் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்திருந்தன. அவர் கையைத் தொட்டாள். சூடு இருந்தது. அது ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எழுந்து கத்தியை எடுத்தாள். பட்டையில் குத்தி, பெயின்டைக் கீறி, சட்டத்துக்கு அடியில் செருகி நெம்பினாள்.

"ஐயோ, வெள்ளியாச்சே! வளையுது பாரு!"

மேல்நோக்கித் திறக்கும் அந்த ஜன்னல் ஒரு சாண் உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாண்டுச் சத்தம் உள்ளே வந்தது. வாசிப்பு ஒன்றும் பிரமாதமில்லை.

வளைந்த கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காற்றில் நின்றாள். அதன் பிடியில், சுத்தியல் தடங்களுக்கு மேல், அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன.