தெய்வம் ஊரில் இல்லாதபோது

தை பிறந்ததும் எங்கள் மலையூர்த் தெய்வம் நாராயணர் சொர்க்கத்துக்குப் போய்விடுவார். பனி இளகும்போதுதான் திரும்புவார். அதுவரை தேவதாரு மரத்தால் கட்டிய அவருடைய பழைய கோயில் பூட்டிக் கிடக்கும். அங்கே அவர் அசுரர்களோடு சண்டையில் இருப்பார், இங்கே ஓசை எழுந்தால் அவருடைய கவனம் சிதறும். அதனால் ஊரில் யாரும் சத்தம் போடக் கூடாது. மாட்டின் கழுத்து மணிக்குள் துணியைத் திணிப்போம். ராஜ்மாவைக் குக்கரில் வைக்க மாட்டோம். பானையில் நாள் முழுக்க வேகும்.

அப்படி ஒரு காலம் பார்த்துத்தான் என் கணவர் கூப் ராம் இறந்துபோனார்.

ஊரிலேயே அதிகச் சத்தம் அவருடையது. தெய்வத்துக்குக் கொம்பு ஊதுகிறவர். அவர் ஊதினால்தான் தெய்வம் பல்லக்கேறி வாசலுக்கு வரும். ஆனால் எங்கள் ஆட்கள் கோயிலுக்குள் போவதில்லை. முற்றத்தின் கீழ்ப்படியோடு சரி. தெய்வத்தை வெளியே வரவழைத்துவிட்டு அவர் வெளியேயே நிற்பார்.

நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனைக்குப் போகும் பாதையைப் பனி மூடிவிட்டது. இருமலைக்கூடத் தலையணையில் புதைத்துக்கொண்டார். கடைசியில் என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னார்: "பாத்தியா கிமி, சாகும்போதாவது சத்தம் போடாமப் போறேன். ஆனா கொம்பு மட்டும் ஊதச் சொல்லு. ஊதாமப் போனா என்னை யாருன்னு மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொம்புக்காரன் செத்தால் மற்ற கொம்புக்காரர்கள் ஊதிக்கொண்டே ஆற்றங்கரைவரை கொண்டுபோவது எங்கள் வழக்கம். கோயில் காரியம் பார்க்கும் தேஹி சிங்கிடம் கேட்டேன். சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், கண் கலங்கியிருந்தது.

"இப்ப எப்படிம்மா ஊதறது? தெய்வம் வரட்டும், அவர்கிட்டயே கேப்போம்," என்றார். போகும்போது திரும்பி, "அழறதுன்னா துணியக் கடிச்சிட்டு அழு தங்கச்சி," என்றார்.

கடித்துக்கொண்டேன். கொம்புகளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவருடைய கூட்டாளிகள் பனியில் ஓசையில்லாமல் நடந்தார்கள். பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர் நீரத் ராம். தெய்வம் இறங்கிப் பேசுவது அவர் மேல்தான். தேஹி சிங்கின் விடுதியில் அமைதிக்காகவே வந்து தங்கும் தில்லிக்காரர்கள் மாடியில் நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் மறுநாள் வந்து கைகூப்பி, இவ்வளவு அமைதியான துக்கத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று மெதுவாகச் சொன்னாள். நான் வாயில் துணியோடு தலையாட்டினேன்.

பனி இளகியது, தெய்வம் திரும்பியது. முற்றம் நிறைந்த கூட்டம். நீரத் ராம் தொப்பியைக் கழற்றி, முடியை அவிழ்த்து, நடுங்கத் தொடங்கினார். சொர்க்கத்துச் செய்திகளைத் தெய்வம் சொன்னது. அசுரர்கள் தோற்றார்கள், ஆப்பிள் நன்றாக விளையும், ஆடி மாதம் ஆற்றோரம் யாரும் படுக்க வேண்டாம். நடுவில் கணவரின் சித்தப்பா மகன் கொம்பை எடுத்து ஊதினான். தெய்வம் பேச்சை நிறுத்திவிட்டது.

"என்னடா இது, மாடு இருமுற மாதிரி? கூப் எங்க?"

சத்தம் போடலாம் என்றான பிறகு அன்றுதான் ஊர் உண்மையிலேயே அமைதியாக இருந்தது. தேஹி சிங் கைகட்டி முன்னால் வந்தார்.

"மகராஜ், கூப் உங்ககிட்டத்தான் வந்துட்டான். நீங்க அங்க இருந்தப்பவே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நான் கீழ்ப்படியில் நின்றபடியே கேட்டேன்.

"அப்ப நீங்க அவரைப் பாக்கலையா?"

நீரத் ராமின் நடுக்கம் கொஞ்சம் தணிந்தது. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பாடையைத் தூக்கியவர் அவர்தான். ஆனால் இப்போது பேசுவது அவர் இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"கொம்புச் சத்தம் கேட்டாத்தானே நான் வாசலுக்கு வருவேன்," என்றது தெய்வம். "ஊதாம வந்தா வெளிய யாரு நிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்? போய் ஊதுங்க."

ஆக, அங்கேயும் அவர் வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

அன்று மதியமே கொம்புகள் ஆற்றங்கரைக்குப் போயின. இருந்த கொம்பெல்லாம் வந்தது. தேஹி சிங் பக்கத்து ஊரிலிருந்தும் ஆள் வரவழைத்திருந்தார். அவரை எரித்த இடத்தில், சாம்பல்கூட மிஞ்சாத ஈர மணலில் நின்று ஊதினார்கள். எதிர் மலையிலிருந்து பனி சரிந்தது. விடுதியில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் ஓடிவந்து, இது எப்போது நிற்கும் என்று தேஹி சிங்கிடம் கேட்டார். "தெய்வம் வந்துட்டாரு சாப், இனிமே நிக்காது," என்றார் அவர்.

பழக்கத்தில் மறுபடியும் வாயில் வைத்திருந்த துணியை எடுத்தேன். வாய்விட்டு அழுதேன். கொம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.