கடலுக்கு ஒரு விரல், மலைக்கு ரெண்டு

என் கணவருக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான புதிதிலிருந்து விடுமுறை என்றாலே எங்களுக்குக் கடற்கரைதான். எனக்கோ கடலைக் கண்டாலே ஆகாது. உப்புக்காற்றில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். செருப்பில் புகுந்த மணல் வீடு வரைக்கும் வந்து மெத்தையில் படுத்துக்கொள்ளும். வெயிலில் கண் கூசி, மண்டை பிளக்க, சிரித்த முகத்தோடு அலையில் கால் நனைத்துவிட்டு வருவேன். பாவம், மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை நாள் பூராவும் இருட்டுக் குழிக்குள் ஏணியிலும் கம்பியிலும் தொங்குகிறவர். லீவிலும் அவரை மேடு ஏறச் சொன்னால் அடுக்குமா? தட்டை மணலில் காலை நீட்டி உட்காரட்டும் என்று நான் வாயைத் திறந்ததே இல்லை.

விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று எங்கள் கல்யாணத்தில் வாழ்த்திய எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வெள்ளிவிழாவுக்கு மகள் ஒரு பயணத்தைப் பரிசாகத் தருவதாகச் சொன்னாள். ஒரே மகள். வேறு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். அப்பாவுக்கு அவள் 'டீச்சரம்மா'.

"ஸ்லோவேனியாவா? அப்படி ஒரு நாடு இருக்கா, இல்ல நீயே பேர் வெச்சியா டீச்சரம்மா?" என்றார் இவர்.

"இருக்குப்பா, ஐரோப்பாவுலதான். சின்ன நாடு. ஒரு ஓரத்துல கடல், இன்னொரு ஓரத்துல மலையும் ஏரியும். போக வர நேரம் போக உங்களுக்குக் கிடைக்கிறதே நாலு நாள். பெட்டியத் தூக்கிட்டு அலையாம ஒரே இடத்துல தங்குங்க. கடலா, மலையான்னு ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க. ரூம் போடணும்."

இரண்டு இடத்துக்கும் படம் அனுப்பியிருந்தாள். கடல் படத்தை நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. மலைப் படத்தைத்தான் வேலைக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் இருப்பது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறை. ஜன்னல் கிடையாது. மெஷின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவியோடு என் பாதி ஆயுள் போயிற்று. அந்த மலையில் பனி இருந்தது. முட்டி வேறு தேய ஆரம்பித்து, படியேறினால் கடக் முடக் என்கிறது. இப்போது ஏறாத மலையை இனி எப்போது ஏறுவேன்? இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குப் பிடித்த இடத்துக்குப் போக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் வாய் வந்தால்தானே?

"எங்க போலாம்?" என்று இவர் கேட்பார். "உங்க இஷ்டம்" என்பேன். "எனக்கென்ன, உன் இஷ்டம்" என்பார். வாரம் முழுக்க இந்தப் பந்து அங்குமிங்கும் போனதே தவிர, யாரும் அதைப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வீடியோவில் வந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"முடிவு பண்ணீங்களா?"

"உங்கம்மா இஷ்டம்."

"உங்கப்பா இஷ்டம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் கிளாஸ்ல இப்படித்தான். ஒண்ணு எந்தக் கலர் சொல்லுதோ மத்ததெல்லாம் அதையே சொல்லும். அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் கண்ண மூடுங்க. கடலுக்கு ஒரு விரல், மலைக்கு ரெண்டு விரல். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. பக்கத்துல எட்டிப் பாக்குறவங்களுக்கு ஸ்டார் கிடையாது."

கண்ணை மூடினேன். இவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது. ஒரு விரலைத்தான் முதலில் நீட்டினேன். அப்புறம், போகட்டும் போ என்று இரண்டாவதையும் நீட்டினேன்.

"திறங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் கையிலும் இரண்டு விரல்.

"ஏங்க, உங்களுக்குக் கடல்தானே உசிரு?"

"எனக்கா?" பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். "நீதானே கடல் கடல்னு இருப்ப? நாளெல்லாம் ஆவியில வேகுறவளாச்சே, காத்து வாங்கட்டும்னு... அடக் கடவுளே, எனக்கு அந்த மணலே ஆகாது!"

போனுக்குள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்புக்குள்ளேயே, இத்தனை வருஷத்து வெயிலும் தலைவலியும் யாருக்காக என்று ஒரு கேள்வி முள்ளாகக் குத்திற்று.

மகளுக்கு விளையாட்டு ருசித்துவிட்டது. "இருங்க இருங்க, இன்னும் இருக்கு. கண்ண மூடுங்க. ஞாயித்துக்கிழமை கத்திரிக்காய் புடிக்கும்னா கை தூக்குங்க!"

திறந்து பார்த்தால் ஒரு கையும் மேலே இல்லை. "நீங்க தட்டு வழிச்சு சாப்பிடுவீங்களேங்க?" என்றேன். "ஆசையா சமைச்சியேன்னு முழுங்கினேன்மா" என்றார்.

ஹாலுக்குப் பச்சைப் பெயிண்ட். கை இல்லை. ராத்திரி பார்க்கும் சீரியல். கை இல்லை. அந்தச் சீரியலில் ஒரு மாமியார் அழ ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. அவள் அழுகையை ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, மற்றவருக்காக, கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மனுஷனைத் திரும்பிப் பார்த்தேன். இவர் யார்? இவருக்கு உண்மையில் என்னதான் பிடிக்கும்? அவரும் திருதிருவென்று முழித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி ஒண்ணு!" என்றாள் மகள், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி. "மூடுங்க மூடுங்க. எனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும்னு ஆசைப்பட்டவங்க கை தூக்குங்க!"

யோசித்திருந்தால் தூக்கியிருக்க மாட்டேன். கை தானாகப் போயிற்று.

'திறங்க' என்ற சத்தம் வரவில்லை. சிரிப்புச் சத்தமும் நின்றிருந்தது. ஏதோ சரியில்லை என்று கண்ணைத் திறந்தேன். போனுக்குள் மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பினேன். இவர் கண்ணை இறுக மூடியிருந்தார். கிரீஸ் கறை போகாத அந்தக் கை உச்சிக்கு மேலே நிமிர்ந்து நின்றது.

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய பாடு. அப்புறம் டாக்டரே, இனி பயமில்லை, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றார். ஆசையாக ஓடிவந்து இவரிடம் சொன்னேன். "இவ ஒருத்தி போதும்மா" என்றார். எவ்வளவு உறுதியாகச் சொன்னார்! அவருக்கு வேண்டாம் என்றிருக்கிறது, நச்சரிக்கக் கூடாது என்று, "ஆமாங்க, போதும்" என்றேன். குட்டிச் சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம். ஒரு மூட்டையை இவரே தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கனமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணத் திறக்கலாமா டீச்சரம்மா?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

நான் கையை இறக்கிவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. 'எனக்கு அப்படியெல்லாம் தோணலைங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால், என் உயிரைக் காப்பாற்றினோம் என்ற நிம்மதியோடு மிச்ச நாளைக் கழிப்பார். என் பழக்கம் அதைத்தான் சொன்னது. கை பாதி இறங்கியும் விட்டது.

அப்போதுதான் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா, வாழ்த்திவிட்டுப் போன அத்தனை பேர் மேலுமா, தெரியாது. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஒரு பிள்ளையையே விட்டுக்கொடுத்திருக்கிறோம். கையை மறுபடி உயர்த்தினேன்.

"திறங்க" என்றேன்.

திறந்தார். முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உதடு கோணி, தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, நான் சும்மா விளையாட்டுக்குத்தான்..." என்றாள் மகள்.

"உன்ன இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன்மா" என்றார் இவர், மேஜையைப் பார்த்தபடி. "இன்னொண்ணு வேணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க வேணும்னு சொல்லியிருந்தா?" என்றேன்.

அவர் தூக்கிய கை அப்படியே இருந்தது. என் கையும்தான். இப்போதுதான் அதைக் கவனித்தவர்போல் மெல்லச் சொன்னார்.

"கைய இறக்கும்மா. வலிக்கப் போவுது."

வேறொரு நாளாக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றிருப்பேன்.

"வலிக்குதுங்க" என்றேன்.